செட்டிநாட்டுப் பழைய வீட்டில் தங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிப் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் போதும், "அங்கே பழைய வீட்டிலேயே தங்கலாமாமே?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். உறவில் சிலர் தங்கள் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். அவர்களிடம் நேராகக் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் பதில் தட்டி அலுத்துப்போய், எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. நிறுவனங்கள் குத்தகைக்கு எடுத்து ஓட்டலாக நடத்தும் மாளிகைகள் இதில் வராது. குடும்பமே நடத்துகிற வீடுகளைப் பற்றி மட்டும்தான்.

இது ஹோட்டலா, இல்ல யாரோ ஒருத்தர் வீட்டுல போய்த் தங்கறதா?

இரண்டாவதுதான். வாடகை கொடுப்பீர்கள், ரசீதும் வாங்குவீர்கள், ஆனாலும் அது வீடு. ரிசப்ஷன் கிடையாது. முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் வீட்டு ஆச்சியோ சமையல்காரரோ எதிரே வருவார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன் போட்டுக் காபி கேட்க முடியாது. காலையில் எழுந்து வெளியே வந்து உட்கார்ந்தால் கேட்காமலே வரும்.

வீட்டின் அமைப்பு தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். தெருப் பக்கம் திண்ணையும் முகப்பும். நிலைவாசலைத் தாண்டினால் வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு என்று அடுத்த தெரு வரைக்கும் நீளும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். பெரும்பாலான வீடுகள் 1850களுக்கும் 1940களுக்கும் இடையில், பர்மா, மலேயா, இலங்கைக் கொடுக்கல் வாங்கலில் வந்த பணத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டியவை. கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று ஊரே கூடும் நாளை மனதில் வைத்துக் கட்டினார்கள். நாலு பேர் வசதியாகத் தூங்குவதற்கென்று கட்டவில்லை. கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுதான் காரணம்.

காரைக்குடியிலயே ரூம் போடட்டுமா, கிராமத்துக்குப் போகட்டுமா? எப்படி வர்றது?

வீடு பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் என் ஓட்டு கிராமத்துக்கு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, கடியாபட்டி, இப்படி எந்த ஊர் என்றாலும் தெருவில் நடப்பதே பாதி அனுபவம். கடை, பஸ், ஆட்டோ எல்லாம் கையெட்டும் தூரத்தில் வேண்டுமென்றால் காரைக்குடி.

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி இரவில் காரைக்குடி சேரும். கானாடுகாத்தானிலேயே 'செட்டிநாடு' என்று ஒரு ஸ்டேஷன் உண்டு, ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்காது. விமானத்தில் வந்தால் திருச்சி அல்லது மதுரை, எங்கே இறங்கினாலும் காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ராத்திரி வருவதாக இருந்தால் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் யாராவது ஒருத்தர் விழித்திருந்துதான் கதவைத் திறக்கவேண்டும். அந்தக் கதவைத் திறப்பதும் லேசான வேலை இல்லை.

எத்தனை நாள் தங்கலாம்?

இரண்டு இரவு. ஒரு நாள் பிள்ளையார்பட்டி குடைவரை, குன்றக்குடி, ஆத்தங்குடி. மறுநாள் காலையில் திருமயம் கோட்டை, அது 1687ல் சேதுபதி கட்டியது. அதற்குப் பிறகு எங்கேயும் போகாமல் வீட்டிலேயே இருங்கள். மத்தியான வெயில் முற்றத்தில் இறங்கி, தூண் தூணாக நகர்ந்து போவதைப் பார்க்காமல் கிளம்பிவிட்டு, "வீடு நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

எந்த மாசம் வந்தா நல்லது?

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை. ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்குள் பரவாயில்லாமல் இருக்கும், தெருவில் இறங்க முடியாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வரலாமா என்று தயங்குவார்கள். தாராளமாக வாருங்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் தாழ்வாரத்து விளிம்பிலிருந்து ஒரே சமயத்தில் முற்றத்தில் கொட்டும். முற்றத்து ஓரத்தில் வரிசையாக அண்டாவும் குடமும் வைத்துப் பிடிப்பார்கள். மீதித் தண்ணீர் முற்றத்து மடை வழியாக வெளியே ஓடிவிடும். மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால்வாய்களைத் தெருவோடு சேர்த்தே திட்டமிட்ட ஊர்கள் இவை. ஆனால் அறையிலிருந்து சாப்பாட்டுக்குப் போகும்போது தாழ்வாரத்தில் சாரல் அடிக்கும். நனைந்த தரையைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்குமா? ஏசி உண்டா?

விருந்தினருக்குக் கொடுக்கும் அறைகளில் இப்போது பெரும்பாலும் உண்டு. ஆனால் கட்டும்போது அறைக்குள் குளியலறை என்ற பேச்சே இல்லை. எல்லாம் பின்கட்டில்தான். அதனால் பழைய சாமான் அறையையோ இரட்டை அறையில் உள்பக்கத்து அறையையோ மாற்றிப் பின்னால் சேர்த்திருப்பார்கள். ஒரு படி ஏறிப் போகவேண்டியிருக்கலாம், ஜன்னல் இல்லாமலும் இருக்கலாம். போட்டோவில் கட்டிலைத்தான் காட்டுவார்கள், குளியலறைப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏசி வைத்த அறையும் உண்டு, மின்விசிறி மட்டும் உள்ள அறையும் உண்டு. கனமான சுவர், உயரமான கூரை, அடுக்கடுக்காகப் போட்ட நாட்டு ஓடு எல்லாம் சேர்ந்து, குளிர் மாதங்களில் விசிறியே போதும். மே மாதத்தில் இந்தத் தத்துவம் செல்லாது, ஏசி கேளுங்கள்.

சாப்பாடு வீட்டுலயே கிடைக்குமா? தினமும் கறிக்குழம்பா?

காலைப் பலகாரம் பெரும்பாலும் வாடகையில் சேர்ந்தே வரும். மதியமும் இரவும் வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் சொன்ன பிறகுதான் சந்தைக்கு ஆள் போகும். நினைத்த நேரத்தில் மெனு பார்த்து ஆர்டர் செய்யும் ஏற்பாடு கிடையாது.

ஓட்டல் போர்டில் 'செட்டிநாடு' என்று போட்டு நாக்கு எரிய வைக்கிறார்களே, அதை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். வீட்டுச் சமையலில் காரம் அளவாக இருக்கும். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலா சீயம், கவுனி அரிசி, கும்மாயம் என்று பலகாரப் பக்கம்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடவேண்டியது. சில வீடுகளில் சைவம் மட்டும்தான். அசைவம் சமைக்கும் வீடுகளிலும் விரத நாளில் அடுப்பில் ஏற்ற மாட்டார்கள். வெளியிலிருந்து பிரியாணி வாங்கி வந்து அறையில் பிரிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வீட்டுக்காரங்களை எப்படிக் கூப்பிடணும்? மேடம்னா சரியா இருக்குமா?

பெரியவரான அம்மாவை 'ஆச்சி' என்றால் போதும், இங்கே மரியாதைச் சொல் அதுதான். ஆண்களை 'ஐயா' என்றோ 'அண்ணே' என்றோ வயதைப் பார்த்து. 'மேடம்' என்றால் ஒன்றும் குறைந்துவிடாது, ஆனால் 'ஆச்சி' என்றால் பணியாரம் இரண்டு கூட வரும்.

சுவரை முட்டை போட்டுப் பூசினாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் கேட்பவர்கள் கற்பனை செய்கிற அளவுக்கு இல்லை. உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்து. அதற்கு மேல் படிப்படியாக நைசாக அரைத்த சுண்ணாம்புப் பூச்சுகள். கடைசிப் பூச்சுகளில்தான் முட்டை வெள்ளைக் கரு சேரும். அதைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். கையை வைத்துப் பாருங்கள், பளிங்கு மாதிரிக் குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருக்கும்.

இதில் உங்கள் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. செல்லோடேப், ஒட்டு ஹூக், பிறந்தநாள் பலூன் எதையும் சுவரில் ஒட்டாதீர்கள். உரித்து எடுக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும். அந்த இடத்தை அதே மாதிரிச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். சிமெண்ட் வைத்து ஒட்டுப்போட்டால் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட முடியாமல் பக்கத்திலேயே பொரிந்து உதிரும். ஈரத் துண்டையும் சுவரில் சாத்தாமல் கொடியில் போடுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, சின்னக் குழந்தையும் இருக்கு. தரை வழுக்குமா?

நனைந்தால் வழுக்கும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து நிறச் சிமெண்டுக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்தக் கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்தில் இறங்கிவிடும். பிறகு வருஷக்கணக்காகக் கால் படப்பட, துடைக்கத் துடைக்க, இன்னும் ஏறும். முன்கட்டில் பளிங்குத் தரை இருந்தால் அதுவும் இதே கதைதான். மழை நாளில் குழந்தையைத் தாழ்வாரத்தில் ஓடவிடாதீர்கள்.

வழுக்கலைவிட எனக்குக் கவலை தருவது படிகள். தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவேண்டும், ஒவ்வொரு நிலைவாசலிலும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டவேண்டும், சில உள்கதவுகளில் தலையையும் குனியவேண்டும். மாடிப்படி குறுகலாக, செங்குத்தாக இருக்கும். பல இடங்களில் கைப்பிடியே இல்லை. முழங்கால் வலி என்றால் கீழ்த்தளத்து அறை, அதுவும் சாப்பாட்டுக்கூடத்துக்குப் பக்கத்து அறை வேண்டும் என்று புக் செய்யும்போதே சொல்லுங்கள். சக்கர நாற்காலியோடு வருபவர்கள் எத்தனை நிலைப்படி தாண்டவேண்டும் என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். "சமாளிச்சுக்கலாம்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

ராத்திரி பயமா இருக்காதா? அவ்வளவு பெரிய வீட்ல நாங்க மட்டும்…

நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள். வீட்டாரோ காவல்காரரோ கட்டாயம் இருப்பார்கள். எந்தப் பக்கத்தில் படுப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் நிம்மதி.

சத்தம்தான் பழக்கமில்லாதவர்களைப் படுத்தும். மரம் வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும்போது படக்கென்று ஓர் ஓசை வரும். ஓட்டுக்கூரையில் மரநாய் ஓடினால் மனுஷன் நடப்பது போலவே இருக்கும். வௌவால் முற்றத்துக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். விடியற்காலையில் மயில் அகவும். முற்றத்தில் பேசுவது எல்லா அறைக்கும் கேட்கும், உங்கள் குடும்பச் சண்டை உட்பட. லேசாகத் தூங்குபவர்கள் காதுக்குப் பஞ்சு கொண்டு வாருங்கள்.

வைஃபை, சிக்னல்?

முகப்பில் கிடைக்கும். அறைக்குள் கதவைச் சாத்தினால் போய்விடும், அந்தச் சுவர் அப்படி. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டே தங்கலாம் என்று வந்தவர்கள் கடைசியில் திண்ணையில் உட்கார்ந்துதான் மீட்டிங் பேசினார்கள்.

ஏன் பாதி ரூம் பூட்டியே இருக்கு? காசு கொடுத்திருக்கோம், திறந்து காட்டச் சொல்லலாமா?

உங்களுக்கு வீட்டைக் காட்டுகிறவருக்கே அந்த அறைக்குள் போக உரிமை இல்லாமல் இருக்கலாம். இது நிறையப் பேருக்குப் புரிவதில்லை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. கல்யாணமான ஆண் ஒரு 'புள்ளி'. அந்தப் புள்ளிக்கு ஓர் அறை, அதில் அவர்கள் சீர் சாமான், பெட்டகம், வெண்கலப் பாத்திரம், எனாமல் அடுக்கு. பொதுவாகப் புழங்கும் இடம் முற்றமும் முகப்பும். இரண்டு மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்த ஓர் அறைக்கே பல வாரிசுகள் வந்துவிட்டார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். சாவி அவர்களிடம்.

விருந்தினரைத் தங்கவைப்பவர் தன் பங்கையும், சம்மதம் கொடுத்த பங்காளிகளின் பங்கையும் சேர்த்துத்தான் நடத்துகிறார். அதனால் இடது பக்கம் சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருக்க, வலது பக்கம் காரை உதிர்ந்து கிடக்கும். கஞ்சத்தனம் என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பக்கம் அவர் பொறுப்பில் இல்லை. திறந்திருக்கும் அறையைக் கேட்டுவிட்டுப் பார்க்கலாம். பூட்டியதை வற்புறுத்தக் கூடாது. சாமி வீட்டுக்கு வெளியே நின்று கும்பிடலாம், உள்ளே அவர்கள் கூப்பிட்டால் மட்டும்.

புக் பண்ணின பிறகு "வீட்ல விசேஷம், வேற தேதி பாருங்க"ன்னாங்க. இது நியாயமா?

எழுதிக் கொடுத்த தேதியைக் கடைசி நேரத்தில் மாற்றுவது நியாயமில்லை, பணத்தை முழுதாகத் திருப்பிக் கேளுங்கள். ஆனால் காரணம் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். மேலே சொன்ன பங்காளிகள் எல்லோருக்கும் அந்த வீட்டில் கல்யாணம் வைக்க உரிமை உண்டு. முன்னோருக்குப் படைக்கும் 'படைப்பு' நாளில் உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்து கூடுவார்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்புக்கும் அப்படித்தான். தை, மாசி முகூர்த்த நாட்களில் புக் செய்வதாக இருந்தால், "அந்த வாரம் பங்காளி வீட்டு விசேஷம் எதுவும் இருக்கா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்ட கேள்வியைப் பார்த்தே உங்கள் மேல் ஒரு மதிப்பு வரும்.

எங்க கார் டிரைவர் எங்க தங்குவார்?

இதைக் கேட்காமல் வந்து ராத்திரி முழிப்பவர்கள்தான் நிறைய. சில வீடுகளில் முகப்பை ஒட்டி ஓர் அறை இருக்கும். சில வீடுகளில் திண்ணையைக் காட்டுவார்கள், கொசுக்கடிதான் மிச்சம். மறுநாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுபோகவேண்டியவர் அவர். படுக்கை, குளியலறை, சாப்பாடு மூன்றையும் புக் செய்யும்போதே பேசி முடியுங்கள். கிடைக்காவிட்டால் காரைக்குடியில் ஒரு லாட்ஜ் அறை போட்டுக் கொடுங்கள்.

நாலு ஃப்ரெண்ட்ஸ் வர்றோம். மொட்டை மாடியில உட்கார்ந்து கொஞ்சம்…

வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொண்டாலும் அந்த மாடியின் கைப்பிடிச்சுவர் உங்கள் நிலைமைக்கு உயரம் போதாது. ஓட்டின் மேல் கால் வைத்தால் ஓடும் போகும், காலும் போகும்.

போட்டோ எடுக்கலாமா? ரீல்ஸ், ப்ரீ வெட்டிங் ஷூட்?

உங்களுக்காக எடுத்துக்கொள்வதை யாரும் தடுப்பதில்லை. லைட், குடை, ஆள் பட்டாளம் என்று வந்தால் அது வேறு கணக்கு, தனிக் கட்டணமும் முன் அனுமதியும் வேண்டும். தூணில் கயிறு கட்டுவது, தரையில் ட்ராலி உருட்டுவது, முற்றத்தில் கலர் புகை விடுவது எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்களை நெருக்கத்தில் எடுத்துப் பொதுவில் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவை யாரோ ஒருவருடைய அப்பத்தா, ஐயா.

சிங்கப்பூர்லேர்ந்து சித்தப்பா வர்றார். தமிழர்தான், அவருக்கும் பாஸ்போர்ட் கேப்பாங்களா?

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் கேட்பார்கள், கேட்டுத்தான் ஆகவேண்டும். வெளிநாட்டினரைத் தங்கவைப்பவர், வீடோ ஓட்டலோ, 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தை இணையத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா பக்கங்களின் படத்தை முன்னாலேயே அனுப்பிவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை என ஏதாவது ஒன்று போதும்.

நாங்க இன்னும் கல்யாணம் பண்ணிக்கலை. ரூம் தருவாங்களா?

வயது வந்த இருவர் சேர்ந்து தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இது ஒரு குடும்பம் வாழும் வீடு, சிலர் தர மறுப்பார்கள். வந்து நின்ற பிறகு சங்கடப்படுவதைவிடப் போனிலேயே கேட்பது உங்களுக்கு நல்லது. தயங்காமல் 'சரி' என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன.

யுனெஸ்கோ பட்டியல்ல இருக்காமே, அப்போ இந்த வீடுகளை இடிக்க முடியாதுதானே?

செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில்தான் சேர்ந்தன. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவிப்பது அதற்கு அடுத்த படி. உத்தேசப் பட்டியலில் இருப்பதால் தனியார் வீட்டுக்குத் தானாகப் பாதுகாப்பு வந்துவிடாது. பங்காளிகள் ஒத்துப்போய் விற்றால் இடிக்கலாம், இடித்துக்கொண்டும் இருக்கிறார்கள்.

காரைக்குடியில பழைய சாமான் கடை இருக்காமே. தூண், கதவு வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கின்றன. எனாமல் பாத்திரம், பழைய பாட்டில், அச்சுப் படம் என்று சின்னதாக வாங்குவதில் தவறில்லை, பேரம் பேசத் தெரிந்தால் போதும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருட்களை, சுவடி என்றால் எழுபத்தைந்து வருஷத்துக்கு மேற்பட்டதை, தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. "இது அவ்வளவு பழசில்லை" என்று கடைக்காரர் வாயால் சொல்வது விமான நிலையத்தில் எடுபடாது, தொல்லியல் துறையின் சான்று வேண்டும்.

தூணும் நிலையும் வாங்குவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அவை இடித்த வீட்டிலிருந்து வந்தவை. வாங்க ஆள் இருக்கிறது என்பதும், பங்காளிகள் இடிக்கச் சம்மதிப்பதற்கு ஒரு காரணம்.

எங்க அப்பா வழியில எங்களுக்கும் ஒரு வீட்ல பங்கு இருக்கு. நாங்களும் இப்படி ஆரம்பிக்கலாமா?

ஆரம்பிக்கலாம். கூரையைச் சரிசெய்வதற்கு முன் எல்லாப் பங்குதாரர்களின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். பூட்டிய அறைகளைப் பற்றி மேலே சொன்னது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். வழக்கப்படி புள்ளிக் கணக்கு ஆண்களோடு நின்றாலும், 2005ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்துக்குப் பிறகு கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் சம உரிமை உண்டு. அத்தைகளையும் அக்காமார்களையும் விட்டுவிட்டு ஒப்பந்தம் போட்டால் பின்னால் அதுவே வழக்காக வந்து நிற்கும். எந்த அறைகள், எத்தனை வருஷம், வருமானம் யாருக்கு, ஓடு மாற்றும் செலவு யாருக்கு, விசேஷத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், இவ்வளவும் எழுத்தில் இருக்கட்டும்.

மத்திய சுற்றுலாத் துறையின் 'இன்க்ரெடிபிள் இந்தியா' தங்கல், காலை உணவுத் திட்டத்தில் பதிவதென்றால் ஓர் அறையிலிருந்து ஆறு அறை வரை, அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கை. நடத்துபவர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். செட்டிநாட்டில் இடறும் இடம் இந்தக் கடைசி நிபந்தனைதான், பல வீடுகளுக்கு உரியவர்கள் யாரும் ஊரில் இல்லையே! சென்னையில் இருந்துகொண்டு காவல்காரரை வைத்து நடத்தினால் அது இந்த வகையில் வராது, விடுதிக்கான அனுமதிகளைத்தான் வாங்கவேண்டும். எனவே முதலில், உங்களில் யார் ஊருக்கு வந்து குடியிருக்கப் போகிறார் என்று முடிவு செய்யுங்கள். ஆள் கிடைத்துவிட்டால் கொத்தனாரைப் பார்க்கலாம்.